புறம்போக்கில் உட்கார்ந்த பாட்டு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு வெகுநாளாக அனுமந்தை என்றால் டோல்கேட்தான். போகிற வேகத்தில் ஊர்ப் பலகையைப் படிக்கும் நேரம்கூடக் கிடையாது. ஆனால் பக்கத்தில் மரக்காணம் உப்பளங்கள் கண்ணில் பட்டதும் வண்டிகள் ஓரம் கட்டும். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஜோடிகள் இறங்குவார்கள். சில நாள் சினிமா யூனிட் வேனும் நிற்கும். உச்சி வெயிலில் உப்பு கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். லைட்மேன் தெர்மாகோல் பிடிக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வெள்ளைப் பின்னணி செட் போட்டாலும் கிடைக்காது. நாலு வரப்பு தள்ளி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். ஃபிரேமுக்குள் வர வேண்டாம் என்று அவர்களுக்குக் கை காட்டுவார்கள்.

தமிழ்ப் பாட்டுக்கும் இடத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இந்தக் கையசைப்புதான். 2010-ல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில் கிளிமஞ்சாரோ என்று தொடங்கும் பாட்டு, தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் மாச்சு பிச்சு மலையில் படமாக்கப்பட்டது. பாட்டில் வரும் மலை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ரசிகர்களுக்கு அது உறுத்தவில்லை. இடம் என்றால் பின்னால் தொங்கும் திரைச்சீலை என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பழகிப்போன கண்கள் நம்முடையவை.

அந்தப் பழக்கத்தை மூன்று பாட்டுகளில் உடைத்துக் காட்டியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். பாட்டைக் கேட்டவர்கள் பல லட்சம். எடுத்தவர் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம். நமது காலத்தின் முக்கியமான பாட்டுப்பட இயக்குநர்களில் ஒருவராக அவரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த மண்ணைப் பற்றிப் பாட்டோ, அந்த மண்ணிலேயே கேமராவை ஊன்ற வேண்டும் என்பதை அவர் ஒரு முறையாகவே ஆக்கினார். அவருடைய கற்பனை முழுவதும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் வேலை செய்கிறது.

முதல் பாட்டு 2015 ஜூலை கடைசியில் வந்தது. 'கோடைக்கானல் வோண்ட்'. கோடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது; பிறகு யூனிலீவர் குழுமத்தின் இந்திய நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, ஊர்ப் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை 2001-ல் ஊர்க்காரர்களும் சூழல் இயக்கத்தினரும் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு பதினான்கு வருடம் தொழிலாளர்கள் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார்கள். தேசிய அளவில் பெரிய சத்தம் எழவில்லை.

அப்போதுதான் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடினார். நிக்கி மினாஜின் 'அனகோண்டா' பாட்டின் மெட்டு உலகமே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டு. அதை எடுத்துக்கொண்டு அதன்மேல் பாதரசத்தின் கதையை ஏற்றினார்கள். ஆட்டம் போட வைக்கும் தாளம், அதற்குள் ஒரு குற்றப்பத்திரிகை. இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இயக்குநருக்கு இருந்த சவால். கெஞ்சும் படமாக எடுத்திருந்தால் பரிதாபம் மிஞ்சியிருக்கும். வெறும் துள்ளலாக எடுத்திருந்தால் தொழிலாளி காணாமல் போயிருப்பார். ரதீந்திரனின் படத்தில் தலை நிமிர்ந்த கோபம் இருந்தது. சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் பொதுவெளியில் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த உடன்பாடு தொழிலாளர்களின் பதினைந்து வருடப் போராட்டத்துக்குக் கிடைத்தது. மூன்று நிமிடப் பாட்டு வாங்கித் தந்தது என்று எழுதினால் அது அவர்களுக்குச் செய்யும் துரோகம். பாட்டு செய்தது வேறு வேலை. பார்க்காமல் கடந்து போனவர்களின் முகத்தைத் திருப்பி அந்த மலைப்பக்கம் வைத்தது.

இரண்டாவது பாட்டைப் பற்றித்தான் நின்று பேச வேண்டும். 2017 பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி வெளியான 'சென்னை பொறம்போக்கு பாடல்'. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதினார். வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்று ராகமாலிகையாக மெட்டமைத்தார். கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடினார். மயிலாப்பூர் சபாக்களில் மார்கழி சீசன் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரம். அந்த நேரத்தில் கச்சேரி எண்ணூர் கழிமுகத்துக்குப் போய் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் உட்கார்ந்து பாடும் கலை. சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, கை மட்டும் வானத்தில் ராகத்தை வரையும். வழக்கமான பாட்டுப்பட இயக்குநர் பாடகரை நடக்க வைப்பார், திரும்ப வைப்பார், டிராலியில் கேமராவைச் சுற்றவிடுவார். ரதீந்திரன் அந்த உட்கார்தலை அப்படியே ஏற்றுக்கொண்டு, உட்காரும் இடத்தை மாற்றினார். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களில் கசிந்து, ஆற்றின் மேல் படிந்து, தண்ணீர் இருந்த இடமெல்லாம் சாம்பல் மேடாகிப் போன நிலம். பின்னால் ஆலைகளின் உருவம். மூச்சுக் கவசம் தேவைப்படும் காற்றில் ஒரு மனிதர் ஆனந்தபைரவியை இழுத்துப் பாடுகிறார். நிரவலுக்கும் சங்கதிக்கும் மூச்சுதான் முதலீடு என்பது சங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த மூச்சையே சாம்பலுக்கு நடுவில் வைத்ததில் இயக்குநர் சொல்ல வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. வசனமோ புள்ளிவிவரமோ தேவைப்படவில்லை.

பாட்டின் தலைப்பில் உள்ள சொல்லும் அப்படித்தான். புறம்போக்கு என்பது வருவாய்த்துறைக் கணக்கில், வரி விதிப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட நிலம். ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, சுடுகாடு, கடற்கரை. யாருக்கும் பட்டா கிடையாது, அதனாலேயே எல்லோருக்கும் பாத்தியதை உண்டு. அந்தச் சொல் எப்போது வசவாக மாறியது? பட்டா இல்லாத நிலத்துக்கு மதிப்பில்லை என்று நாம் நினைக்கத் தொடங்கியபோது, அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த மனிதர்களுக்கும் மதிப்பில்லாமல் போனது. பாட்டு அந்த வசவைத் துடைத்து மறுபடியும் நிலத்தின் பெயராக்கிக் கொடுத்தது. படம் எடுத்தவர் அந்த நிலத்தை நம் கண்ணுக்கு முன் ஆறு ராகங்கள் முடியும்வரை நகரவிடாமல் நிறுத்தி வைத்தார்.

பாட்டு வந்து இரண்டே வாரத்தில், ஜனவரி 28 அன்று, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கறுப்பு எண்ணெய் கரை நெடுக ஒதுங்கியது. மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் எண்ணெயை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது எந்த ஊர், எந்தக் கழிமுகம் என்று புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, 2018-ல் வந்த 'கோடைக்கானல் ஸ்டில் வோண்ட்'. தொழிலாளர்களுடன் உடன்பாடு ஆனாலும் மண்ணில் கிடக்கும் பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்கு மிச்சமிருந்தது. பிரிட்டனில் ஏற்கும் அளவைவிட 20 மடங்கு தளர்வான அளவு இந்தியாவுக்குப் போதும் என்கிறார்கள் என்பது இயக்கத்தினரின் குற்றச்சாட்டு. சோஃபியாவின் ராப்பும் கிருஷ்ணாவின் ராகமும் அம்ரித் ராவின் குரலும் ஒரே பாட்டில் சேர்ந்தன. திரும்பிப் போய் அதே இடத்தில் கேமரா வைப்பது சினிமாக்காரர்கள் வழக்கமாகச் செய்யாத காரியம். ஒரு பாட்டு பரவலானதும் அடுத்த விஷயத்துக்குத் தாவுவதுதான் தொழில் புத்தி. மூன்று வருடம் கழித்தும் மலை அப்படியே இருக்கிறது என்று காட்டத் திரும்பிப் போனவரை நம்பலாம்.

பிறகு ஓடிடி வந்தது. 2021 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'நவரசா' தொகுப்பை மணிரத்னமும் ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் தயாரித்தார்கள். கொரோனாவால் வேலையிழந்த திரைத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டக் கலைஞர்கள் சம்பளமில்லாமல் பங்கெடுத்த முயற்சி அது. பிரியதர்ஷன், கௌதம் மேனன், கார்த்திக் சுப்பராஜ், வசந்த் ஆகியோரோடு ஒன்பது இயக்குநர்களில் ஒருவராக ரதீந்திரனும் இருந்தார். அவருக்கு வந்த ரசம் பயம். படத்தின் பெயர் 'இன்மை'. சித்தார்த்தும் பார்வதியும் நடித்தார்கள், இசை விஷால் பரத்வாஜ். ஜின் பற்றிய நம்பிக்கையைச் சுற்றிய கதை. வசதியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒருவன் வருகிறான். அவள் எப்போதோ செய்த குற்றமும் அவனோடு உள்ளே நுழைகிறது.

பாட்டுப்படங்களுக்கும் இந்தப் பேய்க்கதைக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். சற்று யோசித்தால் அவர் திரும்பத் திரும்ப ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று படுகிறது. புதைத்தது புதைந்த இடத்திலேயே இருப்பதில்லை. பாதரசம் பழைய இரும்புக் கடையில் முளைக்கிறது, சாம்பல் ஆற்றின்மேல் ஏறி வருகிறது, பழைய பாவம் வாசலில் வந்து நிற்கிறது. ஒரு இயக்குநரிடம் இப்படி ஒரு இழை ஓடுவதுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. அதைப் படித்துச் சொல்லும் விமர்சனம்தான் நம்மிடம் இல்லை.

பாட்டுப்படத்திலிருந்து பெரிய திரைக்குப் போன இன்னொரு இந்தியரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங், ஆர்.இ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டுக்கு எடுத்த படம் 1991-ல் எம்டிவியின் ஆண்டின் சிறந்த வீடியோ விருதை வாங்கியது. பின்னாளில் 'தி ஃபால்' என்ற படத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நான்கு வருடம் சுற்றினார். தன் கைக்காசையே பெரிதும் கொட்டினார். அந்தப் படத்தின் அழகை மறுப்பதற்கில்லை. உலகத்தின் அதிசய இடங்களை ஒரு மாலையாகக் கோக்கும் கற்பனை அது. ரதீந்திரனின் கற்பனை எதிர்த் திசையில் போகிறது. யாரும் போட்டோ எடுக்க இறங்காத ஒரே இடம் போதும் அவருக்கு.

இப்படிப்பட்ட பாட்டுகளுக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. சாம்பலைச் சுவாசிக்கிற மீனவர் இருக்க, சபாவில் பாடுகிறவர் எதற்கு வந்து பாட வேண்டும்? பாட்டு முடிந்ததும் யூனிட் கிளம்பிவிடும். குப்பம் அங்கேயேதான் கிடக்கும். இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பொறம்போக்கு பாட்டைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லலாம். கிருஷ்ணா அங்கே மீனவராக வேடம் போடவில்லை. நகரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சங்கீதம் கேட்கிறவர்களின் பிரதிநிதியாகத்தான் அந்தச் சாம்பலில் உட்கார்ந்தார். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சபாவுக்குச் சொல்லச் சபாக்காரர்தான் சரியான ஆள். ஆனாலும் கேள்வி முழுவதுமாக அடங்கவில்லை, அடங்கவும் கூடாது. அடுத்த பாட்டை எண்ணூர்க்காரரே எடுக்கும்போதுதான் அது அடங்கும்.

பெயர் விஷயத்திலும் நியாயம் வேண்டும். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்வோம். பாடகர்கள் அறிவு, தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவரில் பாட்டு யாருடையது என்று அடுத்த வருடமே பெரிய விவாதம் நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து பிறந்த பாட்டு அது, விவாதம் தேவையானதுதான். ஆனால் அந்தப் பாட்டின் நிறத்தையும் மனிதர்களையும் படமாக்கிய அமித் கிருஷ்ணனின் பெயரை எத்தனை பேர் உச்சரித்தார்கள்? பாடகர் பெயர் தெரியும், இசையமைப்பாளர் பெயர் தெரியும், எந்தச் செயலியில் எத்தனை கோடிப் பார்வை என்றுகூடத் தெரியும். எடுத்தவர் பெயர் மட்டும் விளக்கக் குறிப்பின் கீழே மடங்கிக் கிடக்கும். மூன்று மணி நேரப் படத்தை எழுதிக் கிழிக்கும் பத்திரிகைகள் நான்கு நிமிடப் படத்துக்கு நாலு வரி எழுதுவதில்லை. திரைப்படக் கல்லூரிகளில் குறும்படத்துக்குக் கிடைக்கும் மரியாதை பாட்டுப்படத்துக்கும் கிடைக்க வேண்டும்.

இதெல்லாம் அனுமந்தை, மரக்காணம் பக்கத்துக்கு எதற்கு?

மரக்காணம் உப்பளம் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பேசப்படும் உப்பு மரக்காணத்து உப்பு. சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பட்டினத்தைச் சொல்லும் சிறுபாணாற்றுப்படையில், உப்பு வண்டியோட்டும் உமணர்களோடு ஒரு குரங்கு வரும். உமணரின் பிள்ளைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டும். கேமரா என்ற சாதனம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவர் உப்புக்காரர்களின் நெருக்கத்தில் உட்கார்ந்து எடுத்த குளோசப் அது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களும் நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டேதான் நடந்தார்கள். உப்புக்கும் பாட்டுக்கும் இந்த மண்ணில் பழைய பந்தம்.

இன்றைய உப்புக்காரரின் பாட்டு எங்கே? இருட்டு பிரியும் முன்பே அளத்தில் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் வெள்ளை கண்ணைக் குத்தும். உப்பு நீரில் ஊறிய பாதம் வெடிக்கும், வெடிப்பில் மறுபடி உப்பு இறங்கும். மழைக் காலத்தில் வேலை கிடையாது. அதற்காகத்தான் 2022-லிருந்து தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தர ஆரம்பித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது மரக்காணம் பக்கம் அளம் எது, ஏரி எது என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடாகக் கிடந்தது. மேற்கே கழுவேலி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு அறிவிப்பு வந்ததில் சந்தோஷம். அந்தச் சதுப்பையும் அளத்தையும் நம்பி நிற்கும் மனிதர்கள் இன்னும் எந்த ஃபிரேமுக்குள்ளும் வரவில்லை.

இந்தக் கரைக்கு ஒரு பாட்டுப்படம் வேண்டும். அதை எடுக்கப் பெரிய யூனிட் வர வேண்டிய அவசியமில்லை. தெற்கே, இதே சாலையில், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஊடகம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மரக்காணம் வட்டாரத்திலேயே செல்போனில் கானா எடுத்து ஏற்றுகிற பையன்கள் இருக்கிறார்கள். அளத்துக்குப் போட்டோ எடுக்கப் போகிற யூனிட்டுகளிடம் வாடகை வாங்கி, அதில் ஒரு பங்கை உள்ளூர்ப் பிள்ளைகளின் படத்துக்கு ஒதுக்கினால்கூடப் போதும். ரதீந்திரனின் படங்களிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சாம்பல் நிறத்தையோ முகக் கவசத்தையோ அல்ல. பாட்டு எந்த உடம்பிலிருந்து வருகிறதோ அந்த உடம்பு எந்தத் தரையில் இருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கத்தை.

அதற்குத் தோதான காலம் தை மாதம். மழை வடிந்து, அளத்தில் வேலை தொடங்கும் நேரம். உப்பு விளைவதற்கு முன் பாத்தியின் தரை கெட்டிப்பட வேண்டும். ஆட்கள் வரிசையாக நின்று சேற்றை மிதிப்பார்கள். குதிகால் இறங்கும், எழும், பக்கத்தில் இறங்கும். வரப்பில் நின்று கேட்டால் நூறு அடி தூரத்துக்கு அந்தச் சத்தம் வரும். மெட்டுப் போடுகிறவர் வருவதற்கு முன்பே தாளம் அங்கே தயாராக இருக்கிறது.